இரண்டாவது கிலோ: வேலூர் மாம்பழத்துக்கு வாங்குபவரைக் கூட்டுவது எப்படி?

2025 கோடையில் மா நன்றாக விளைந்தது, விலைதான் இல்லை. கிளிமூக்கு என்று நாம் சொல்லும் தோத்தாபுரியை நம்பிய தோப்புக்காரர்கள் அந்த ஆண்டு பட்ட பாட்டை வேலூர், கிருஷ்ணகிரி, சித்தூர் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோத்தாபுரி பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குப் போகும் ரகம். ஆலை வாங்கத் தயங்கினால் அதற்கு வேறு போக்கிடம் குறைவு. அந்த ஜூன் மாதத்தில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடை போட்டது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. கர்நாடகத்து மா விவசாயிகளுக்கு விலை வித்தியாசத்தை ஈடுசெய்ய மத்திய அரசு இசைந்தது. செப்டம்பர் 22 முதல் பழச்சாறு, பழக்கூழ் பானங்கள் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது.

இவை தேவையான உதவிகளே. விழுந்தவனைத் தூக்கிவிடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை ஆணைகளும் கடிதங்களும் ஆலை வாசலைச் சுற்றியே நடந்தன. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு வீட்டில் கூடுதலாக ஒரு பழம் சாப்பிட வைக்கும் ஏற்பாடு எதுவும் இவற்றில் இல்லை. விளைச்சல் அதிகமான ஆண்டில் விலை விழுகிறது என்றால், அந்த விளைச்சலைத் தின்பதற்கு ஆள் கூடவில்லை என்று பொருள். தின்பவரைக் கூட்டும் வேலையைத் தோப்புக்காரரும் செய்வதில்லை, தள்ளுவண்டிக்காரரும் செய்வதில்லை. தனித்தனியாக நின்று அவர்களால் அதைச் செய்யவும் முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

தின்பவருக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவர் நாளொன்றுக்கு 100 கிராம் பழம் சாப்பிட வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 12 கிலோ. சுற்றியுள்ள வீடுகளை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். வெற்றிலை பாக்கோடு வைக்கும் வாழைப்பழத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 12 கிலோ வாங்கும் வீடு எத்தனை? இடம் நிறையவே இருக்கிறது. மாம்பழம் இனிக்கும் என்று யாருக்கும் விளம்பரம் செய்து சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஏப்ரல் பிறந்ததும் முதல் கிலோவை எல்லோரும் ஆசையாகத்தான் வாங்குகிறார்கள். சிக்கல் இரண்டாவது கிலோவில் இருக்கிறது. முதல் கிலோவை வெட்டியபோது தோல் மஞ்சளாகவும் சதை வெளிறியும் கொட்டையை ஒட்டி வெடுக்கென்று புளிப்பாகவும் இருந்தால், அந்த வீட்டில் அடுத்த இரண்டு வாரத்துக்கு மாம்பழப் பேச்சே எழாது. “எல்லாம் கல் வைத்துப் பழுக்க வைத்தது” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். பருவமே மூன்று மாதம். அதில் இரண்டு வாரம் போனால் பெரும் இழப்பு.

கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற நச்சுகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் பழத்தைப் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை. அதற்கு மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, பயன்படுத்த 2016இல் அனுமதி வந்தது. பழம் தானாகப் பழுக்கும்போது சுரப்பதும் எத்திலீன்தான். ஆகவே எத்திலீன் அறையில் பழுத்த பழத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அதிகாரிகள் மண்டிகளில் சோதனை நடத்தி, கல் வைத்த பழத்தைக் கைப்பற்றி அழிக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த வாசகர் அடுத்த வாரமும் மாம்பழம் வாங்கத் தயங்குகிறார். கல்லைத் தேடிப் பிடிப்பது அவசியம். ஆனால் கல்லுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை யாரும் தொடுவதில்லை.

காரணம் தோப்பில் இருக்கிறது. முற்றாத காயை எந்த வாயுவாலும் இனிப்பாக்க முடியாது. மாங்காய் மரத்தில் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. பழுக்கும்போது அந்த மாவுச்சத்து சர்க்கரையாகிறது. சேர்த்துவைப்பதற்கு முன்பே பறித்துவிட்டால், எத்திலீன் அறையிலிருந்து வந்தாலும் வைக்கோலிலிருந்து வந்தாலும் அது வெம்பல்தான். நிறம் வரும், ருசி வராது.

அப்படியானால் ஏன் முன்கூட்டியே பறிக்கிறார்கள்? பேராசை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது, நியாயம் அல்ல. நம் பக்கத்தில் ஏராளமான தோப்புகள் குத்தகைக்கு விடப்படுகின்றன. பூவெடுக்கும்போதோ பிஞ்சு பிடிக்கும்போதோ மரத்தைப் பார்த்து மதிப்புப் போட்டு, குத்தகைக்காரர் மொத்தத் தொகை பேசுகிறார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கமிஷன் மண்டியிடம் முன்பணமாக வாங்கியிருப்பார். அன்று முதல் மழை, காற்று, தத்துப்பூச்சி, பழ ஈ எல்லாம் அவர் தலையில். சித்திரையில் ஒரு நாள் மாலை இடியோடு சூறைக்காற்று அடித்தால் பாதிக் காய் தரையில் கிடக்கும். பருவத்தின் முதல் லோடுகளுக்கு விலை உச்சத்தில் இருக்கும், பதினைந்து நாள் கழித்து எல்லாத் தோப்பும் ஒன்றாக இறங்கும்போது விலை சரியும். இந்த நிலையில் நானோ நீங்களோ இருந்தாலும் காய் முற்றும்வரை காத்திருக்க மாட்டோம். பறிப்பது எப்போது என்பதை முடிவு செய்பவர், அந்தப் பழத்தைத் தின்பவரின் முகத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை. வெம்பலை விற்று முடித்தபின் விற்காமல் தேங்கும் இரண்டாவது கிலோ அவருடைய கணக்கில் வருவதும் இல்லை.

முற்றிய காயைக் கண்டறிவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முற்றிய காயின் இரு தோள்களும் திரண்டு மேலெழுந்து, காம்பு நடுவில் அமுங்கியிருக்கும். பிஞ்சில் தோள் சரிந்து, காம்பு முன்னே துருத்தி நிற்கும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் நன்கு முற்றிய காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். அனுபவமுள்ள பறிப்பாட்கள் காயைக் கையில் எடுத்த கணமே சொல்லிவிடுவார்கள். பறிக்கும் விதமும் முக்கியம். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீறிட்டுத் தோலில் வழியும். அந்த இடம் இரண்டு நாளில் கருத்து, பழுத்தபின் தீய்ந்தது போலக் காட்டும். காம்பை விரற்கடை நீளம் விட்டு வெட்டி, பிறகு காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட்டு டிரேயில் அடுக்கினால் தோல் சுத்தமாக இருக்கும். இதற்குக் கூடுதலாக ஆகும் கூலியை யார் தருவார்கள்? மண்டியில் ஏலம் எடையையும் கண்ணுக்குத் தெரியும் அளவையும் பார்த்து நடக்கிறது. ருசிக்கு அங்கே விலை கிடையாது. விலை இல்லாத ஒன்றுக்காக ஒருவர் கூலி கொடுக்க மாட்டார்.

மண்டியைக் குறை கூறும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கே பணம் தருபவர், வங்கி திரும்பிப் பார்க்காதபோது முன்பணம் தருபவர், எவ்வளவு சரக்கு வந்தாலும் திருப்பி அனுப்பாமல் இறக்கிக்கொள்பவர் மண்டிக்காரர். நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்பதை ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024இல் ஆராய்ந்தார்கள். மாம்பழத்தில் சுமார் 43 காசு, திராட்சையில் 35 காசு, வாழைப்பழத்தில் 31 காசு என்பது அவர்கள் கண்டது. மீதி முழுவதும் இடைத்தரகர் லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை ஆகியவற்றோடு, வழியில் அழுகிப் போகும் பழத்தின் விலையும் அதற்குள்தான் இருக்கிறது. கொய்யாவில் அறுவடைக்குப் பின் ஏற்படும் சேதம் 15 சதவீதம் என்று 2022இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. அழுகியதற்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

சங்கிலியின் மறுமுனையில் தள்ளுவண்டிக்காரர் நிற்கிறார். அவர் நாளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் விஷயம் விளங்கும். விடியுமுன் மண்டிக்குப் போய் இரண்டு மூன்று டிரே எடுக்கிறார். கைமுதலில் பாதி கடன். அக்கினி நட்சத்திர வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் மூன்று மணி வரை வாங்க ஆள் வரமாட்டார்கள். வண்டியில் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரே அறையில் ஒரே நாளில் பழுக்க வைத்த சரக்கு ஒரே நேரத்தில் பழுக்கும். காலையில் கல்லாக இருந்தது மறுநாள் மாலை தோல் சுருங்கி, மூன்றாம் நாள் பாதி விலைக்கும் போகாது. அந்த நட்டத்தை ஈடுகட்ட முதல் நாள் விலையை உயர்த்தி வைக்கிறார். உயர்ந்த விலையைக் கண்டு வாங்குபவர் ஒரு கிலோவை அரைக் கிலோ ஆக்குகிறார். இன்று தின்ன ஒரு டிரே, நாளைக்கு ஒரு டிரே, மறுநாளுக்கு ஒரு டிரே என்று பழுக்க வைக்கும் அறையிலிருந்தே படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தால் இந்த நட்டத்தில் பெரும்பகுதி அன்றே நிற்கும். அதற்குத் தள்ளுவண்டிக்காரர் முந்தின நாளே தன் தேவையைச் சொல்ல வேண்டும், அறை நடத்துபவர் அதைக் கேட்க வேண்டும். இன்று இருவருக்கும் இடையே பேச்சே இல்லை. கடைக்காரர் கேட்டது தோப்புக்குப் போய்ச் சேர்வதும், தோப்பின் நிலவரம் கடைக்காரருக்குத் தெரிவதும்தான் நான் சொல்லும் ஒருங்கிணைப்பின் முதல் படி. விளம்பரமெல்லாம் அதற்குப் பிறகு.

வேலூருக்கென்று ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. இவ்வளவு வகையான வாங்குபவர்கள் ஒரே ஊரில் கூடுவது அபூர்வம். சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் நடந்தால் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் காணலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் ஏராளம். அவர்கள் மா தின்று வளர்ந்தவர்கள், மால்டா மாவட்டத்துப் பழத்தின் ருசி தெரிந்தவர்கள். விஐடி பல்கலைக்கழகத்தில் பல மாநில மாணவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர்கள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற போக்கில் நிறுத்துபவர்கள் வேறு. இத்தனை பேருக்கும் நாம் என்ன விற்கிறோம்? நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஆப்பிளும் மாதுளையும் ஆரஞ்சும் இருக்கின்றன. பங்கனப்பள்ளியும் கொய்யாவும் விளையும் மண்ணில் நின்றுகொண்டு, கடல் தாண்டி வந்த ஆப்பிளை வாங்கிப் போகிறோம்.

ஆப்பிளுக்கு இந்த இடம் தானாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் விவசாயிகள் 1937இல் சட்டப்படி ஓர் ஆணையம் அமைத்தார்கள். விற்கும் பெட்டிக்கு இவ்வளவு என்று தாங்களே கட்டணம் செலுத்தி, அந்தப் பணத்தில் கடைக்காரர்களோடு சேர்ந்து விற்பனையை வளர்த்தார்கள். நம்மூர் வண்டிகளில் ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு ஸ்டிக்கருக்குப் பின்னால் அப்படியொரு நெடிய உழைப்பு இருக்கிறது. ஒரே அளவு, ஒரே நிறம், நேற்று வாங்கியது போலவே இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கை. நோயாளிக்கு வாங்கிப் போகிறவர் அந்த நம்பிக்கைக்காகவே கூடுதல் விலை தருகிறார்.

அமெரிக்கா வரை போக வேண்டாம், நாமக்கல்லைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். சரியான உதாரணம்தான். முட்டை விலை தொடர்ந்து வியாபாரிகள் கையில் சிக்கிச் சரிந்தபோது, 1982இல் கோழிப்பண்ணைத் தொழிலதிபர் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். பண்ணையாளர்களே விலையை அறிவிக்கத் தொடங்கினார்கள். தங்கள் பணத்தில் தொலைக்காட்சி விளம்பரமும் செய்தார்கள். நாமக்கல் முட்டை விலை நாளிதழில் வரும் செய்தியாகவே ஆகிவிட்டது. ஆனாலும் அதை அப்படியே மாவுக்குப் பொருத்த முடியாது. முட்டை ஆண்டு முழுவதும் வரும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை, உள்ளே புளிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே முட்டைக்கு விலையும் விளம்பரமும் போதுமாக இருந்தன. மாம்பழத்தில் ருசியைச் சரிசெய்யாமல் விளம்பரம் செய்தால் வெம்பலை இன்னும் நிறையப் பேர் வாங்கி ஏமாறுவார்கள். விளம்பரமே கெடுதலாக முடியும்.

மாவுக்கு நெருக்கமான பாடம் நியூசிலாந்தின் கிவிப் பழத்தில் இருக்கிறது. கிவியும் மாவைப் போலவே கல்லாக இருக்கும்போது பறித்து, பிறகு பழுக்க வைப்பது. அதிலும் மாவுச்சத்துதான் சர்க்கரையாகிறது. அங்கே விவசாயிகளுக்குச் சொந்தமான ஸெஸ்பிரி நிறுவனம், பறிக்கும் முன் தோட்டத்திலிருந்து மாதிரிக் காய்களை எடுத்து, நீர் போக மிஞ்சும் உலர்பொருள் எவ்வளவு என்று சோதிக்கிறது. அந்த அளவு குறிப்பிட்ட எல்லையைத் தொடாத தோட்டத்துப் பழம் அந்தப் பெயரில் விற்பனைக்குப் போகாது. உலர்பொருள் கூடுதலாக இருந்தால் விவசாயிக்குக் கூடுதல் பணம். தின்பவரின் நாக்கு தோட்டக்காரரின் வரவுசெலவுக் கணக்குக்குள் வந்துவிட்டது. ஆஸ்திரேலிய மா விவசாயிகளும் இதே உலர்பொருள் அளவை முதிர்ச்சிக்கு அளவுகோலாகக் கொண்டிருக்கிறார்கள். விலை, விளம்பரம், ஸ்டிக்கர் ஆகியவற்றையெல்லாம் விட இதுதான் நம் தோப்புகளுக்குத் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

இதை இங்கே செய்ய ஆளும் இடமும் ஓரளவு ஏற்கெனவே இருக்கின்றன. விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மாதிரிக் காயைச் சோதித்து, இந்த ஆண்டு குடியாத்தம் பக்கத்துப் பங்கனப்பள்ளியை எந்தத் தேதிக்குப் பின் பறிக்கலாம், அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து நீலம் ரக மாவை எப்போது தொடலாம் என்று அறிவிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஊர் ஊராகப் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து எத்திலீன் அறை ஒன்றைப் பொதுவாக நடத்தலாம். தண்ணீரில் மிதக்கும் காய் அந்த அறைக்குள் நுழையாது என்ற ஒரே விதி போதும். தள்ளுவண்டிக்காரர்களுக்கும் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் இடம் உண்டு. அந்தக் குழு இதுவரை எங்கே வண்டி நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்ற பேச்சோடு நின்றுவிடுகிறது. நாளைக்கு எத்தனை டிரே தேவை என்பதையும் அங்கேயே பேசலாம்.

உழவர் சந்தை இருக்கிறதே என்று கேட்கலாம். 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம். வேலூர் டோல்கேட் உழவர் சந்தைக்குக் காலையில் போகிறவர்களுக்கு அதன் பயன் தெரியும். ஆனால் அது கீரைக்கும் கத்திரிக்காய்க்கும் பொருந்துவதைப்போல மாவுக்குப் பொருந்தவில்லை. நாள்தோறும் கொஞ்சம் பறிக்கும் பயிர்க்காரர் வந்து உட்காரலாம். தோப்பில் ஆட்களை வைத்துப் பறிப்பு நடக்கும் வாரத்தில் தோப்புக்காரர் சந்தையில் தராசு பிடிக்க முடியாது. விற்பது விற்பவர் வேலையாகவே இருக்கட்டும். அவர் எதை விற்கிறார் என்பதில் இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

புவிசார் குறியீடு வாங்கினால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வேலூர் முள் கத்திரிக்காய்க்கு 2023இல் அது கிடைத்தது, பெருமையான செய்தி. ஆனால் இலவம்பாடிக் கத்திரிக்காய் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. ருசி முதலில் வந்தது, சான்றிதழ் பின்னால் வந்தது.

மாவைப் பற்றியே பேசினாலும் ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம், ஏலகிரிப் பலா, கொய்யா எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். சீத்தாப்பழம் மாவைவிட அவசரக்காரப் பழம். கண்களுக்கு இடையே வரி விட்டு வெளுத்தபின் பறித்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்து, அடுத்த நாளே குழைந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் கூடைக்குக் கீழே ஆள் காத்திருந்தால் அது பணம், இல்லாவிட்டால் குப்பை. கோடையில் மா விற்ற அதே வண்டிக்காரருக்கு மழைக்காலத்தில் சீத்தாவும் அதன்பின் கொய்யாவும் முறையாக வந்து சேர்ந்தால், அவருக்கும் ஆப்பிளைத் தேடி மண்டிக்குப் போக வேண்டிய கட்டாயம் குறையும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். அறையில் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் சில காசுகள் என்று விளைவிப்பவரும், அதே அளவு விற்பவரும் போட்டால் தொடங்கப் போதும். இரு பக்கமும் பணம் போட்டால்தான் இரு பக்கமும் கணக்குக் கேட்கும். முழுச் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டால் திறப்பு விழாவோடு நின்றுபோகும் அபாயம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குப் பெரிய செலவும் இல்லை. குத்தகைப் பேச்சு தை, மாசியில் பூவைப் பார்த்து நடக்கிறது. பறிக்கும் தேதியை அந்த ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தேதிவரை காத்திருப்பதால் வரும் சூறைக்காற்று நட்டத்தில் ஒரு பங்கைத் தோப்புக்காரரும் ஏற்பதாக எழுத வேண்டும். முழு ஆபத்தையும் குத்தகைக்காரர் தலையில் வைத்துவிட்டு அவரைக் காத்திருக்கச் சொல்வது நடக்காத காரியம். பயிர்க் காப்பீடு இந்த இடத்தில் கைகொடுக்க முடியுமா என்பதைத் தோட்டக்கலைத் துறையோடு அப்போதே பேச வேண்டும். பங்குனி வந்தபின் கூட்டம் போட்டால் முன்பணம் கைமாறியிருக்கும், முதல் லோடு பிஞ்சோடு மண்டிக்கு ஏறத் தயாராக நிற்கும்.